ஒரே லேன் போர்ட், பல விஎம்: வீட்டு சர்வர் பிரிட்ஜ் கேள்வி–பதில்

வீட்டு சர்வரில் ஓடும் விஎம்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) வீட்டு நெட்வொர்க்கோடு சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்படி தமிழில் உள்ளன. திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மினி பிசியில் உபுண்டு சர்வர் 24.04, அதில் கேவிஎம் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி). லேன் போர்ட் ஒன்றுதான். விஎம்களுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி வருகிறது, இன்டர்நெட்டும் ஓடுகிறது. ஆனால் வீட்டு டிவியிலிருந்து ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்) விஎம்மைத் திறக்க முடியவில்லை. பிரிட்ஜ் போடச் சொல்கிறார்கள். சர்வருக்கு மானிட்டர் கிடையாது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மட்டும்தான். பயமாக இருக்கிறது. (கோயம்புத்தூர்)

பயப்படுவது நியாயம்தான். எஸ்எஸ்ஹெச் எந்த போர்ட் வழியாக வருகிறதோ, அதே போர்ட்டைக் கழற்றி மாட்டப்போகிறீர்கள்.

உங்கள் விஎம்கள் இப்போது விர்பிஆர்0 என்ற, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் இயல்பு நெட்வொர்க்கில் உள்ளன. அது நேட், அதாவது விஎம்கள் எல்லாம் சர்வரின் ஒரே முகவரிக்குப் பின்னால் இருந்து வெளியே பேசும் முறை. உள்ளிருந்து வெளியே போகலாம்; வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. பிரிட்ஜ் போட்டால் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு ஸ்விட்ச் உருவாகும். அதன் ஒரு போர்ட்டில் உங்கள் லேன் கார்டு, மற்ற போர்ட்களில் ஒவ்வொரு விஎம்மும். வீட்டு ரூட்டரே விஎம்களுக்கு நேரடியாக முகவரி கொடுக்கும்.

மனதில் வைக்கவேண்டிய விதி ஒன்று: லேன் கார்டு பிரிட்ஜின் போர்ட் ஆனபின் அதற்கு ஐபி முகவரி இருக்கக்கூடாது. முகவரி, கேட்வே எல்லாம் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். இரண்டிலும் முகவரி வைத்தால் ஒரே சப்நெட்டுக்கு இரண்டு பாதைகள் உருவாகி, சில நேரம் பதில் வரும், சில நேரம் வராது. எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒன்றில்தான் போய் முடிகிறது.

முதலில் ‘ஐபி லிங்க்’ கட்டளையில் கார்டின் பெயரையும் மேக் முகவரியையும் (கார்டின் வன்பொருள் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இஎன்பி1எஸ்0 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து இடிசி கோப்பகத்தில் நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) அடைவில் உள்ள யாமெல் கோப்பை நகலெடுத்து வையுங்கள். நகலை உங்கள் ஹோம் அடைவில் வையுங்கள். அதே அடைவில் யாமெல் என்று முடியும் பெயரில் வைத்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் எல்லா யாமெல் கோப்புகளையும் நெட்பிளான் சேர்த்தே படிக்கும். பழைய டிஹெச்சிபி (ரூட்டரிடம் தானாக முகவரி வாங்கும் முறை) அமைப்பு உங்கள் புதிய அமைப்போடு கலந்துவிடும்.

கோப்பில் மூன்று மாற்றங்கள். ஈத்தர்நெட்ஸ் பகுதியில் இஎன்பி1எஸ்0-க்கு டிஹெச்சிபி4, டிஹெச்சிபி6 இரண்டும் ஃபால்ஸ். அதே உள்தள்ளல் மட்டத்தில் பிரிட்ஜஸ் என்ற புதிய பகுதி. அதன் கீழ் பிஆர்0. அதற்குள் இன்டர்ஃபேசஸ் பட்டியலில் இஎன்பி1எஸ்0, அட்ரசஸ் பட்டியலில் 192.168.1.10/24, ரூட்ஸ் பகுதியில் டிஃபால்ட் பாதைக்கு 192.168.1.1, நேம்சர்வர்ஸ் பகுதியில் ரூட்டர் முகவரி. பழைய வழிகாட்டிகளில் வரும் ‘கேட்வே4’ வேண்டாம், அது கைவிடப்பட்டுவிட்டது. உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும். டேப் அடித்தால் கோப்பு செல்லாது.

மூன்றாவது மாற்றம், பலரும் விடுவது. பிஆர்0-க்குள் பாராமீட்டர்ஸ் பகுதி சேர்த்து எஸ்டிபி ஃபால்ஸ், ஃபார்வர்ட்-டிலே 0 என்று எழுதுங்கள். நெட்பிளானில் எஸ்டிபி, அதாவது கேபிள் வளையங்களைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை, இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அப்படி விட்டால் ஒவ்வொரு விஎம் கிளம்பும்போதும் அதன் போர்ட் 15 விநாடி கேட்கும், இன்னும் 15 விநாடி கற்கும், அதன் பிறகே பாக்கெட்டை அனுமதிக்கும். அந்த 30 விநாடிக்குள் நெட்வொர்க் பூட் தோற்றுவிடும், சில விஎம்கள் டிஹெச்சிபி கிடைக்கவில்லை என்று 169.254 முகவரியில் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு கேபிள்தான் வெளியே போகிறது என்றால் வளையம் உருவாக வழியில்லை; எஸ்டிபி தேவையில்லை.

மேக்அட்ரஸ் என்ற வரியில் கார்டின் மேக் முகவரியை அப்படியே பிஆர்0-க்கும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைக் கிளப்பும் மென்பொருள்) தானாக ஒரு மேக் முகவரியை உருவாக்கும். நிலையான ஐபி வைத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய தொல்லை இல்லை. ரூட்டரில் மேக் முகவரிக்கு ஐபி ஒதுக்கிவைத்திருப்பவர்களுக்கோ பிரிட்ஜ் போட்ட உடனே சர்வர் வேறு முகவரிக்குப் போய்விடும். ‘சர்வர் காணாமல் போய்விட்டது’ என்று வரும் புகார்களில் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், தேடுகிற முகவரிதான் தவறு.

இனி அந்த பயத்துக்கு வருவோம். ‘நெட்பிளான் ட்ரை’ கட்டளை 120 விநாடியில் தானே பழைய நிலைக்குத் திரும்பும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆனால் பிரிட்ஜுக்கு பாராமீட்டர்ஸ் எழுதியிருந்தால் அதைத் திருப்ப முடியாது என்று சொல்லி அது வேலை செய்ய மறுத்துவிடும். அதனால் உங்கள் பாதுகாப்பு வலையை நீங்களே கட்டுங்கள். இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட்: பழைய யாமெல் கோப்பை அதன் இடத்துக்குத் திரும்ப நகலெடு, பிறகு ரீபூட் செய். இதை ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளையில் ஆன்-ஆக்டிவ் 300 என்று, ‘மீட்பு’ போல ஒரு யூனிட் பெயர் கொடுத்து ஓடவிடுங்கள். பிறகு ‘நெட்பிளான் அப்ளை’. சர்வர் திரும்பக் கிடைத்தால் அந்த டைமரை ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’ போட்டு நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

சர்வர் வந்ததும் ‘பிரிட்ஜ் லிங்க்’ என்று அடித்தால் இஎன்பி1எஸ்0 வரியில் ‘மாஸ்டர் பிஆர்0’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டும் தெரிய வேண்டும். விர்ட்-மேனேஜரில் விஎம்மின் நெட்வொர்க் மூலத்தை ‘பிரிட்ஜ் டிவைஸ்’ ஆக்கி பிஆர்0 என்று எழுதுங்கள். கார்டு மாடல் விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே உருவான வேகமான மெய்நிகர் கார்டு). விஎம்மை முழுதாக அணைத்துக் கிளப்புங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் புதிய கார்டு அமைப்பு வராது. கிளம்பியபின் ‘பிரிட்ஜ் லிங்க்’ பட்டியலில் விநெட்0 சேர்ந்திருக்கும். ரூட்டரின் பட்டியலில் 52:54:00 என்று தொடங்கும் மேக் முகவரி தெரிந்தால் அதுதான் உங்கள் ஜெல்லிஃபின்.

நெட்பிளான் கோப்பின் பெயரில் ‘கிளவுட்-இனிட்’ இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. பூட்டின்போது கணினியைத் தானாக அமைக்கும் கிளவுட்-இனிட் அந்தக் கோப்பை மறுபடி எழுதிவிடக்கூடும். அதன் அமைப்பு அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, நெட்வொர்க் கான்ஃபிக் டிசேபிள்ட் என்று எழுதி அதன் கையைக் கட்டிவிடுங்கள்.

சர்வருக்கு நிலையான முகவரி வைக்கச் சொல்வதற்கு நம்மூரில் ஒரு தனிக் காரணமும் உண்டு. கரண்ட் போய் வரும்போது சர்வர் ரூட்டருக்கு முன்னால் எழுந்துவிடும். டிஹெச்சிபி நம்பியிருந்தால் பூட்டே இரண்டு நிமிடம் வரை காத்து நிற்கும். அந்த முகவரி ரூட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: பிரிட்ஜ் சரியாக இருக்கிறது. ஆனால் சர்வரை ரீபூட் செய்தால் சில நாள் விஎம்களுக்கு நெட் வருகிறது, சில நாள் வருவதில்லை. அமைப்பு எதையும் மாற்றுவதில்லை. ஹோஸ்டிலேயே (விஎம்களைத் தாங்கும் சர்வர்) டாக்கரும் (கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் மென்பொருள்களை ஓட்டும் கருவி) ஓடுகிறது. (மதுரை)

கடைசி வரியிலேயே குற்றவாளியைச் சொல்லிவிட்டீர்கள்.

விஎம்மிலிருந்து ஹோஸ்டை பிங் செய்து பாருங்கள், பதில் வரும். ரூட்டரை பிங் செய்யுங்கள், வராது. அதே நேரத்தில் விஎம்முக்குள் ‘ஐபி நெய்பர்’ அடித்தால் ரூட்டரின் மேக் முகவரி அழகாகத் தெரியும். ஏஆர்பி (ஐபிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் செய்தி) போகிறது, ஐபி போகவில்லை. கேபிளிலோ பிரிட்ஜிலோ கோளாறு என்றால் இரண்டுமே போகாது. ஆகவே நடுவில் ஒரு ஃபயர்வால் நிற்கிறது.

பிரிட்ஜ் வழியாகப் போகும் ஃபிரேம் (லேனில் போகும் தரவுத் துண்டு) ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வால் பக்கமே போக வேண்டியதில்லை. ஆனால் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தால், பிரிட்ஜைக் கடக்கும் ஐபி பாக்கெட்டுகளும் ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் சங்கிலிக்குள் தள்ளப்படும். அந்த சங்கிலியின் இயல்புக் கொள்கையை டாக்கர் ‘டிராப்’ ஆக்கினால் உங்கள் விஎம்மின் பாக்கெட் அங்கேயே விழுந்துவிடும்.

சில நாள் மட்டும் ஏன்? ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருந்து, அதைத் தானே இயக்கவேண்டி வந்தால்தான் டாக்கர் கொள்கையை ‘டிராப்’ ஆக்கும். லிப்விர்ட்டின் இயல்பு நேட் நெட்வொர்க்கும் அதே ஃபார்வர்டிங்கை இயக்கும். பூட் ஆகும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. லிப்விர்ட் முந்தினால் டாக்கர் கொள்கையைத் தொடாது, உங்களுக்கு நெட் வரும். டாக்கர் முந்தினால் வராது. ‘ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -வி -என்’ என்று அடித்து முதல் வரியைப் பாருங்கள். ‘பாலிசி டிராப்’ என்றும், பக்கத்தில் பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இருந்தால் சந்தேகமே இல்லை.

இந்த முந்து-பிந்து சண்டையைத் தீர்க்க மூன்று வழி. முதலாவது, டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில், பிஆர்0-வில் நுழைந்து பிஆர்0-விலேயே வெளியேறும் எதையும் ஏற்றுக்கொள் என்று ஒரு விதி சேர்ப்பது: ‘ஐபிடேபிள்ஸ் -ஐ டாக்கர்-யூசர் -ஐ பிஆர்0 -ஓ பிஆர்0 -ஜே அக்செப்ட்’. சங்கிலியின் பெயர் முழுக்க பெரிய எழுத்து. முதல் ‘ஐ’ பெரிய எழுத்து, இரண்டாவது சிறிய எழுத்து. ரீபூட்டுக்குப் பின்னும் நிலைக்க, டாக்கர் சர்விஸுக்குப் பிறகு ஒருமுறை ஓடும் சிறிய சிஸ்டம்டி யூனிட்டில் இதை எழுதுங்கள். ஐபிடேபிள்ஸ் விதிகளை மொத்தமாகச் சேமித்து மீட்டெடுக்கும் பேக்கேஜைப் பயன்படுத்தாதீர்கள். டாக்கர் அந்தந்த நேரத்துக்குப் போட்ட விதிகளும் சேர்ந்து உறைந்துபோய், அடுத்த பூட்டில் இல்லாத கன்டெய்னர்களுக்கு விதிகள் நிற்கும்.

இரண்டாவது, சிஸ்சிடிஎல்லில் (கெர்னலின் அமைப்பு மதிப்புகள்) ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ மதிப்பை 0 ஆக்குவது. எளிது போலத் தெரியும். ஆனால் அந்த மாட்யூல் ஏறுவதற்கு முன்னால் சிஸ்சிடிஎல் கோப்பு படிக்கப்பட்டால் அப்படி ஒரு சாவியே இருக்காது, மதிப்பு போய்ச் சேராது. பின்னால் மாட்யூல் ஏறும்போது மதிப்பு 1 ஆகவே வரும். மாட்யூலை முன்கூட்டியே ஏற்ற மாட்யூல்ஸ்-லோட் அடைவிலும் எழுதவேண்டும். குபெர்னெட்டஸ் (பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி) ஓட்டுபவர்களுக்கு இந்த வழி பொதுவாக ஆகாது, அதன் பல நெட்வொர்க் அமைப்புகளுக்கு இந்த மதிப்பு 1 ஆக இருக்கவேண்டும்.

மூன்றாவதுதான் எங்கள் சிபாரிசு: டாக்கரை ஹோஸ்டிலிருந்து எடுத்து ஒரு விஎம்முக்குள் வைத்துவிடுங்கள். 2 ஜிபி ராம் கொடுத்தால் வீட்டுக்கு வேண்டிய சில கன்டெய்னர்கள் தாராளமாக ஓடும். ஹோஸ்ட் ஹோஸ்டாக மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: மாடியில் இருக்கும் பழைய லேப்டாப்தான் என் சர்வர். லேன் கேபிள் இழுக்க வழியில்லை, வைஃபைதான். வைஃபை கார்டை பிரிட்ஜில் சேர்த்தால் அனுமதியில்லை என்று பிழை வருகிறது. விண்டோஸில் வெர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருந்தபோது வைஃபையிலேயே பிரிட்ஜ் வேலை செய்தது. லினக்ஸில் மட்டும் ஏன்? (நாகர்கோவில்)

லினக்ஸின் பிடிவாதம் இல்லை இது, வைஃபையின் இயல்பு. சாதாரண வைஃபை ஃபிரேமில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். லேப்டாப்பிலிருந்து போகும் ஃபிரேமில், அனுப்பியவரும் அதை ரேடியோ அலையில் விட்டவரும் ஒருவரே என்று அந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. விஎம்மின் மேக் முகவரியோடு ஒரு ஃபிரேம் போனால், ‘இப்படி ஒருவர் என்னிடம் பதிவு செய்யவே இல்லையே’ என்று ஆக்சஸ் பாயின்ட் அதைத் தூக்கி எறிந்துவிடும். நான்கு முகவரி முறை ஒன்று உண்டு. அது லேப்டாப், ரூட்டர் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். இன்டர்நெட் நிறுவனங்கள் இணைப்போடு தரும் ரூட்டர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

வெர்ச்சுவல்பாக்ஸ் செய்தது உண்மையான பிரிட்ஜ் இல்லை. வெளியே போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் விஎம்மின் மேக் முகவரியை அழித்து லேப்டாப்பின் மேக் முகவரியை எழுதி அனுப்பும். பதில் வரும்போது ஐபியைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். கேவிஎம்மில் இந்த வித்தை தானாக நடக்காது.

என்ன செய்யலாம்? நேட்டிலேயே இருந்துவிட்டு, லேப்டாப்பில் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை நிறுவுங்கள். ஹோஸ்டால் விஎம்களை எப்போதும் அடைய முடியும். ஆகவே ஃபோன் ஹோஸ்டின் முகவரிக்கு வரும், ஹோஸ்ட் விஎம்முக்கு அனுப்பும். வெப் பக்கங்கள் வழியே பயன்படுத்தும் எதற்கும் இது போதும். ஐபிடேபிள்ஸில் போர்ட் ஃபார்வர்டிங் எழுதப் போனால், உள்ளே வரும் புதிய இணைப்புகளை மறுக்கும் லிப்விர்ட்டின் விதிகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். பிராக்ஸி என்றால் அந்தத் தலைவலியே இல்லை.

உங்கள் ரூட்டரில் நிலையான பாதை எழுத வசதி இருந்தால் இன்னும் நல்லது. லிப்விர்ட் நெட்வொர்க்கை ‘ரூட்’ முறைக்கு மாற்றி, விஎம்களுக்கு 192.168.100.0/24 கொடுத்து, ரூட்டரில் ‘192.168.100.0/24-க்கு லேப்டாப்பின் முகவரி வழியே போ’ என்று எழுதுங்கள். லேப்டாப்புக்கு நிலையான முகவரி தேவை. வீட்டுக்குள் எல்லாம் ஓடும். விஎம்மில் இன்டர்நெட் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் ரூட்டர் தன் சொந்த சப்நெட்டுக்கு மட்டும் நேட் செய்கிறது என்று பொருள். அதை மாற்ற வழியில்லாத ரூட்டர் என்றால் பிராக்ஸிக்கே திரும்பிவிடுங்கள்.

ஜெல்லிஃபினை டிவி தானே கண்டுபிடிப்பது, பிரின்டர் கண்டுபிடிப்பு போன்ற பிராட்காஸ்ட் சமாசாரங்கள் இந்த இரண்டு வழியிலும் நடக்காது. டிவியில் முகவரியைக் கையால் எழுதிக்கொள்ளவேண்டும்.

கேள்வி: சர்வரில் இரண்டு லேன் போர்ட் இருக்கிறது. வேகம் இரட்டிப்பாகும் என்று இரண்டையும் பிஆர்0-வில் சேர்த்து, இரண்டு கேபிளையும் ரூட்டரில் செருகினேன். வீட்டில் டிவி, ஃபோன், எல்லாமே நின்றுவிட்டது. ரூட்டர் விளக்குகள் வெறிபிடித்ததுபோல் மின்னின. (திருச்சி)

ஒரு கேபிளை உடனே பிடுங்குங்கள். வளையம் போட்டுவிட்டீர்கள். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும். ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒரு கேபிளில் போய் மறு கேபிளில் திரும்பி வந்து, மறுபடி போய், நிற்காமல் சுற்றும். சில நொடிகளில் முழு நெட்வொர்க்கும் அந்தச் சுற்றலிலேயே மூழ்கிவிடும். எஸ்டிபி இயங்கியிருந்தால் ஒரு போர்ட்டை அடைத்து உங்களைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் அப்போதும் வேகம் இரட்டிப்பாகியிருக்காது.

இரண்டு போர்ட்டையும் பயன்படுத்த நினைத்தால் முதலில் பான்டு (பல கார்டுகளை ஒன்றாகக் கட்டுவது), அதன் மேல் பிரிட்ஜ். நெட்பிளானில் பான்ட்ஸ் பகுதியில் பான்ட்0, அதற்குள் இரண்டு கார்டும், மோட் ‘ஆக்டிவ்-பேக்கப்’, எம்ஐஐ கண்காணிப்பு இடைவெளி 100. பிஆர்0-வின் இன்டர்ஃபேசஸ் பட்டியலில் பான்ட்0 மட்டும். இதில் ஒரு கேபிள் போனால் மற்றது ஏற்கும். சாதாரண ரூட்டரே போதும். வேகத்துக்காக 802.3ஏடி முறை வேண்டுமென்றால் அதை ஆதரிக்கும் மேனேஜ்டு ஸ்விட்ச் தேவை. அப்போதும் ஒரே கோப்பை ஒரே கணினிக்கு நகலெடுத்தால் 1 ஜிபிபிஎஸ் தாண்டாது. பலர் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் பலன். வீட்டுக்கு அந்தச் செலவு வீண். 2.5 ஜிபிபிஎஸ் கார்டும் அதே வேக ஸ்விட்சும் வாங்கினால் காசுக்கு உருப்படியான வேகம் கிடைக்கும்.

கேள்வி: பிராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை வெப் பக்கத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சர்வரில் புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க் சேர்த்தேன். அதன் பிறகு வெப் பக்கமே திறக்கவில்லை. டிஸ்குக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்? (யாழ்ப்பாணம்)

சம்பந்தம் பெயரில்தான். இஎன்பி3எஸ்0 என்ற பெயரில் 3 என்பது அந்த கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ பஸ்ஸின் எண். நடுவில் ஒரு டிஸ்க் வந்ததும் எண்கள் நகர்ந்து கார்டு இஎன்பி4எஸ்0 ஆகிவிட்டது. விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ், இப்போது இல்லாத இஎன்பி3எஸ்0-வை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

மானிட்டரும் கீபோர்டும் மாட்டி உள்ளே போங்கள். ‘ஐபி லிங்க்’ புதிய பெயரைக் காட்டும். இடிசி அடைவில் நெட்வொர்க் உள்ளே இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறந்து, பழைய பெயர் வரும் இரண்டு இடங்களையும் மாற்றுங்கள்: கார்டின் ‘ஐஃபேஸ்’ வரி, விஎம்பிஆர்0-வின் ‘பிரிட்ஜ்-போர்ட்ஸ்’ வரி. இரண்டாவதை மட்டும் மாற்றியும் பலருக்கு ஓடிவிடும். பழைய வரி கிடந்து பின்னால் குழப்பும். ‘ஐஎஃப்ரீலோட் -ஏ’ அடித்தால் ரீபூட் இல்லாமலேயே திரும்பும்.

மறுபடி நடக்காமலிருக்க, பெயரை மேக் முகவரியோடு கட்டிவிடுங்கள். இடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் அடைவில் 10-லேன்0 என்ற பெயரில் லிங்க் கோப்பு. மேட்ச் பகுதியில் கார்டின் மேக் முகவரியும் ‘டைப் ஈத்தர்’ என்பதும். லிங்க் பகுதியில் நேம் லேன்0. ‘டைப் ஈத்தர்’ வரியை விடாதீர்கள். பிராக்ஸ்மாக்ஸில் பிரிட்ஜும் கார்டின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்ளும், அந்த வரி இல்லாவிட்டால் விதி பிரிட்ஜுக்கும் பொருந்திவிடும். ஈத்0 போன்ற பெயரும் வேண்டாம், கெர்னல் வைக்கும் பெயரோடு மோதும். இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் லேன்0 என்று மாற்றி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டி, ரீபூட்.

கேள்வி: ஒரு உபுண்டு விஎம்மை குளோன் செய்தேன். மேக் முகவரி வேறுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது. ரூட்டர் கோளாறா? (சேலம்)

ரூட்டர் பாவம். உபுண்டு சர்வர் டிஹெச்சிபி கேட்கும்போது தன்னை மேக் முகவரியால் அடையாளம் சொல்வதில்லை. மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைச் சொல்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் நகலாகிவிட்டது. குளோனுக்குள் இடிசி அடைவின் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள். அழிக்காதீர்கள், காலி கோப்பு இருந்தால் பூட்டில் புதியது எழுதப்படும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் நகலாகியிருக்கும், அவற்றையும் புதுப்பியுங்கள். இனி குளோன் செய்யுமுன் ‘விர்ட்-சிஸ்பிரெப்’ ஓட்டினால் இரண்டும் ஒரே அடியில் முடியும்.

கேள்வி: சிசிடிவி கேமராக்கள் இன்டர்நெட்டுக்குப் போகக்கூடாது, ஆனால் பிராக்ஸ்மாக்ஸில் ஓடும் ரெக்கார்டர் விஎம்முக்கு அவை தெரியவேண்டும். 8 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் இருக்கிறது. தனி ரூட்டர் வேண்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். விலேன் என்பது ஒரே கேபிளில் ‘டேக்’ என்ற எண்ணால் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க். விஎம்பிஆர்0 அமைப்பில் ‘விலேன் அவேர்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். ரெக்கார்டர் விஎம்முக்கு இரண்டு கார்டு: ஒன்று டேக் இல்லாமல், அது வீட்டு நெட்வொர்க், மற்றது விலேன் டேக் 30, அது கேமராக்கள். இரண்டாவதற்கு 192.168.30.1/24 என்று முகவரி மட்டும் கொடுங்கள், கேட்வே கொடுக்காதீர்கள். விஎம்முக்குள் ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருக்கட்டும். வெளியே போக வழியே இல்லாதபோது தடுப்பு விதி எழுதவேண்டிய அவசியம் இல்லை.

ஸ்விட்சில் சர்வர் போர்ட்டில் 30 டேக்டு, 1 அன்டேக்டு. கேமரா போர்ட்களில் 30 அன்டேக்டு, கூடவே பிவிஐடி (டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமுக்கு ஸ்விட்ச் தரும் விலேன் எண்) 30. மலிவான ஸ்விட்ச்களில் பிவிஐடி தனிப் பக்கத்தில் இருக்கும், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அது 1 ஆகவே இருந்தால் கேமராவுக்குப் போகும் ஃபிரேம் சரியாகப் போகும், கேமரா அனுப்புவது மட்டும் வீட்டு நெட்வொர்க்கில் போய் விழும். ரெக்கார்டர் விஎம்மில் டேக் 30 கார்டின் மேல் ‘டிசிபிடம்ப்’ (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கட்டளை) ஓட்டினால் கேள்வி மட்டும் போய்க்கொண்டிருக்கும், பதில் வராது. கேமரா போர்ட்களை விலேன் 1-இலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

இன்டர்நெட் இல்லாத கேமராவின் கடிகாரம் நாளாக நாளாக நகரும். ரெக்கார்டர் விஎம்மில் குரோனி (நேர சர்வர்) நிறுவி, 192.168.30.0/24-க்கு நேரம் கொடுக்க அனுமதித்து, கேமராக்களின் என்டிபி முகவரியாக 192.168.30.1 எழுதுங்கள்.

கேள்வி: பிரிட்ஜுக்குப் பதில் மேக்விடேப் (விஎம்மை நேரே லேன் கார்டில் இணைக்கும் முறை) போட்டேன், ஒரு நிமிட வேலை. எல்லாம் ஓடுகிறது, ஹோஸ்டும் விஎம்மும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. (புதுச்சேரி)

அது அப்படித்தான். விஎம் அனுப்புவது நேரே கார்டு வழியாக வெளியே போய்விடும், ஹோஸ்டின் பக்கம் திரும்பாது. ஹோஸ்டில் இருக்கும் பேக்கப் சேவையோ என்எஃப்எஸ் பகிர்வோ விஎம்முக்குத் தேவையென்றால் முறையான பிரிட்ஜ் போடுங்கள். தேவையில்லை என்றால் மேக்விடேப்பையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விஎம்மிலிருந்து கணினிக்கு ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் கருவி) ஓட்டினால் 94 எம்பிபிஎஸ் தாண்டவில்லை. பிரிட்ஜ் வேகத்தைக் குறைக்குமா? (ஈரோடு)

இல்லை. 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது: இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்தில் நிற்கிறது. சரியான கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 940 வரும். ஹோஸ்டில் ‘ஈத்டூல் இஎன்பி1எஸ்0’ அடித்து ஸ்பீடு வரியைப் பாருங்கள். அங்கே 1000 என்று இருந்தால் எதிர்முனைக் கணினியிலும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிரிம்ப் செய்த முனையில் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். 1000 காட்டியும் வேகம் குறைவென்றால் விஎம்மின் கார்டு மாடல் இ1000 ஆக இருக்கிறதா என்று பார்த்து விர்ட்ஐஓ ஆக்குங்கள். விண்டோஸ் விஎம் என்றால் மாற்றுவதற்கு முன்பே விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவிலிருந்து நெட்கேவிஎம் டிரைவரை நிறுவிக்கொள்ளுங்கள். மாற்றியபின் விண்டோஸுக்கு அது புதிய கார்டு. பழைய கார்டில் நிலையான ஐபி எழுதியிருந்தால் மறுபடி எழுதவேண்டும்.